கழித்தல் கணக்கில் ஒரு வெற்றி

பிரிட்டனின் ஐடிவியில் 2009 முதல் வரும் ‘தி சேஸ்’ வினாடி வினாவில் நான்கு பேர் ஓர் அணி. எதிரே மேடைமேல், விடை சொல்லியே அவர்களைத் துரத்திப் பிடிக்கும் ஒற்றை வினாடி வினா வல்லுநர், ‘சேஸர்’. முதல் ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு சரியான விடைக்கும் 1,000 பவுண்டு. ஒருவர் வியர்க்க விறுவிறுக்க 8,000 சேர்ப்பார். அடுத்தவரோ, துரத்தலில் எளிதாகத் தப்பலாம் என்று சேஸர் நீட்டும் கழித்தல் (மைனஸ்) தொகையை ஏற்று, பொதுப் பணத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்புவார். அணியினர் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டுவார்கள்: இறுதிச் சுற்றுக்கு ஒரு தலை கூடியதாம். (அந்தத் தலை பெரும்பாலும் பஸர் பக்கமே திரும்பாது.) வென்றால் பங்கு மட்டும் சரிசமம். சோபாவில் சாய்ந்திருக்கும் நமக்கு எல்லா விடையும் தெரியும், சேஸர் சொன்ன மறுகணமே.