தாயும் சேயும் நலம்

எங்கள் செஞ்சியில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பிரசவத்தில் போய் நிற்கும். யாருக்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை தையல், ஆயா எவ்வளவு கேட்டாள் என்று ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை உண்டு. ஆண்கள் வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். அதனாலேயே இந்தக் கதைகள் திண்ணையைத் தாண்டி எங்கும் போய்ச் சேரவில்லை. என் கதையையும் என் மகள் கதையையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை. 1994. விழுப்புரம் தனி மாவட்டமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. அது 2010-இல் வந்தது. 108 வண்டி 2008-இல்தான் வந்தது. சிக்கல் என்றால் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ ஓட வேண்டும், அங்கேயும் முடியாவிட்டால் பாண்டிச்சேரி ஜிப்மர். என் வீட்டுக்காரர் நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளியின் அம்பாசிடர் காரைக் கேட்டு வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக என்னைக் கொண்டுபோனார்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அந்த நாளில் பல இடங்களில் இதுதான் நடந்தது.

வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரே அறையில் நாலைந்து இரும்புக் கட்டில்கள், மேலே கிழிந்த ரப்பர் ஷீட், நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. ஷேவிங் செய்து எனிமா கொடுத்தார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வராததால் ஆயா குடத்தில் கொண்டுவந்தாள். எங்கள் செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகால் இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் தங்கிய அந்த மாடிக் கட்டடத்துக்கு மண் குழாய் வழியே தண்ணீர் ஏற்றினார்கள் என்று சிறுவயதில் சுற்றிக்காட்டியவர்கள் சொல்லியிருந்தார்கள். இங்கேயோ, அத்தனை பிள்ளைத்தாச்சிகள் படுத்திருந்த வார்டில் இரத்தக் காலைக் கழுவ ஒரு சொம்பு தண்ணீருக்குக் கெஞ்ச வேண்டியிருந்தது.

வலியில் கத்தினேன். "புருஷங்கிட்டப் போறப்ப வலிக்கலியா? இப்ப இன்னாத்துக்குக் கத்துற?" என்றாள் நர்ஸ். தொடையில் ஓங்கி ஓர் அடியும் விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் தாலி கட்டி ஒரு வருடம்கூட ஆகாத சின்னப் பெண் படுத்திருந்தாள். அதைக் கேட்டதும் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. பிள்ளை இறங்கவில்லை என்று ஒருத்தி என் வயிற்றின் மேல் முழங்கையை வைத்து அழுத்தினாள். கீழே கத்தரித்தார்கள். மரத்துப்போகிற ஊசி இல்லாமலே தைத்தார்கள். ஊசி ஏறுவதும் நூல் இழுபடுவதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. "ரெண்டு தையல்தான், ஆடாத" என்றார்கள். ரெண்டோடு நிற்கவில்லை.

குழந்தையைத் துணியில் சுற்றி ஆயா வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். கதவைப் பாதி திறந்து, ஒரு கையில் குழந்தை, மறு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு அதில் பாதி. என் அம்மா முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்த பிறகுதான் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். "பொட்டப் புள்ளதானே, இது போதும்" என்று ஆயா வாங்கிக்கொண்டாளாம். கட்டில் காலி இல்லாததால் பச்சை உடம்போடு பாய் விரித்துத் தரையில் படுத்தேன். பிறகு டாக்டர் வந்து தாயும் சேயும் நலம் என்று எழுதிவிட்டுப் போனார். சீட்டில் எழுதியது பொய்யில்லை. ஆனால் உட்காரவும் ஒன்றுக்குப் போகவும் எத்தனையோ நாள் அழுதேன். அந்த அடியை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை.

அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இரத்தம் வடிந்து செத்தவர்களையும் எனக்குத் தெரியும். அதை மறைத்து எழுதினால் பாவம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் நர்ஸ் இருக்க ஏற்பாடு செய்ததும், கர்ப்பிணி செத்தால் ஏன் செத்தாள் என்று ஒவ்வொரு சாவையும் விசாரிக்கும் முறையைக் கொண்டுவந்ததும் இந்த மாநிலம் செய்த பெரிய காரியங்கள். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது தமிழ்நாட்டில் சாகும் தாய்மார் 54 பேர். நாடு முழுவதுக்கும் அது 97. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி 2018-இல் 18,000 ஆனது. வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்து, இரத்தம் பார்க்கச் சொல்லி விரட்டிய கிராம நர்ஸம்மாக்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

இனி மகள் கதை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், வளைகாப்பு முடிந்து செஞ்சிக்கு வந்தாள். 2025 ஜூலை. செஞ்சிக்கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மாதம். அப்படிச் சேர்த்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது எங்கள் கோட்டை ஒன்றுதான் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. மகளிடம் கர்ப்பத்தை அரசில் பதிந்த பிக்மி எண் இருந்தது, மாதாமாதம் எடுத்த ஸ்கேன் பைல் இருந்தது. அரசு ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு அந்த ரப்பர் ஷீட்தான் கண் முன்னால் வந்தது. பணம் போனால் போகட்டும் என்று வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஏசி அறை, வெள்ளை விரிப்பு. ஒருவரும் திட்டவில்லை. பேசவும் இல்லை. வயிற்றில் பெல்ட்டைக் கட்டினார்கள்; மெஷினில் எண்கள் ஏறி இறங்கின. வருகிறவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள், காகிதத்தில் குறிப்பார்கள், போய்விடுவார்கள். டிரிப்ஸில் என்ன ஏற்றுகிறார்கள் என்று அவள் கேட்டதற்கு "டாக்டர் சொல்லுவாங்க" என்று பதில். டாக்டர் வந்தபோது ஆபரேஷன் முடிவாகியிருந்தது. மருமகனிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். படித்துப் பார்க்க நேரமில்லை. மகளிடம் முதுகில் ஊசி போடும்போது மட்டும் "அசையாதீங்க மேடம்" என்றார்களாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே விடுங்கள் என்றதற்கு "இன்பெக்‌ஷன் ஆகும்மா" என்றார்கள். பிறந்த குழந்தையைத் தனியறைக்குக் கொண்டுபோய், எங்களைக் கேட்காமலே பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்று எழுதிய போஸ்டர் அதே நடையில்தான் ஒட்டியிருந்தது.

அந்த ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கலாம். தேவை என்றால் நூறு முறை செய்யட்டும், உயிரைக் காப்பாற்றுகிற வைத்தியம் அது. ஏன் என்று ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் என் மகள் இன்றைக்கும் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு "நான் சரியா முக்கலியாம்மா?" என்று கேட்க மாட்டாள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64. இவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் சொன்னார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே வாரம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். அவள் அம்மாவை உள்ளே விட்டிருக்கிறார்கள். 2004-லேயே தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் வந்துவிட்டது என்பது எனக்கு அந்த வீட்டார் சொல்லித்தான் தெரியும். அம்மா இடுப்பைத் தேய்த்துவிட, நர்ஸ் "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, தலை தெரியுது" என்று கூடவே நின்றிருக்கிறாள். குழந்தையைத் துடைத்து நேராகத் தாயின் மார்பில் போட்டிருக்கிறாள். ஒரு பைசா செலவில்லை. எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கட்டில் போதாமல், ஒரே நர்ஸ் இரவெல்லாம் ஓடுகிற இடங்களை இப்போதும் பார்க்கிறேன். தூங்காத நர்ஸ் எரிந்து விழுவதற்குக் காரணம் இருக்கிறது. அடிப்பதற்குக் காரணம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலில் வயிற்றை அழுத்தக் கூடாது, வழக்கமாக ஷேவிங்கும் எனிமாவும் வேண்டாம், தாய் விரும்புகிற துணை கூட இருக்க வேண்டும், எதையும் அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. இதையெல்லாம் என் உடம்பு 1994-லேயே கேட்டது. செத்தவளுக்கு விசாரணை நடத்தத் தெரிந்த அரசாங்கம், பிழைத்து வீட்டுக்குப் போகிறவளிடம் "உன்னை எப்படி நடத்தினார்கள்?" என்றும் கேட்க வேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் அன்றே கேட்கலாம், தனியாரில் பெற்றவளையும் சேர்த்துக் கேட்கலாம்.

மகள் அந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஆபரேஷன் ஏன் என்று முன்னால் சொல்லியிருக்க வேண்டும், பவுடர் பால் கொடுக்குமுன் கேட்டிருக்க வேண்டும், அம்மாவை உள்ளே விட்டிருக்க வேண்டும் என்று மூன்றே விஷயம். பதில் வரவில்லை. குழந்தையின் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது இன்னொரு பிரதியைக் கையோடு கொண்டுபோய், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவரப் போகிறோம்.