மூன்றுதான், பயப்பட ஒன்றுமில்லை

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். மூணாறில் நீங்களும் சித்தியும் நலம்தானே? "ஜப்பான்ல பூமி ஆடிச்சாமே, உசுரோட இருந்தா பதில் போடு" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. உயிரோடு இல்லாதவன் எங்கிருந்து பதில் போடுவான் என்பது இருக்கட்டும். போனில் சொன்னால் சித்தி நடுவில் புகுந்து "போதும், மூட்டையைக் கட்டிக்கிட்டு வா" என்று முடித்துவிடுவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். முதலில் ஜன்னல் கண்ணாடி லேசாகக் கடகடத்தது. மேனேஜர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கத்தவில்லை. எல்லார் கண்ணும் ஜன்னல் திரையின் கயிற்றுக்குப் போனது. பக்கத்து நாற்காலிக்காரர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவர் பத்தை நெருங்கும்போது கயிறு ஆட ஆரம்பித்தது, தரை ஒரு பக்கம் நழுவி மறுபக்கம் வந்தது. "மூணு" என்றார் ஒருவர். "சேச்சே, ரெண்டு" என்றார் இன்னொருவர். ஆட்டம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் போனில் அறிவிப்பு வந்தது: எங்கள் பகுதிக்கு மூன்று, சுனாமி அபாயம் இல்லை. மூணு என்றவர் அன்று முழுக்க மிதப்பில் திரிந்தார். மேனேஜர் விட்ட இடத்திலிருந்து பேச்சை முடித்தார். நம்மைப் போலவே இவர்களுக்கும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதற்குள் பூமி ஆடிவிட்டால் மனுஷன் சம்பளத்தைக் கூட்டப் போகிறாரா குறைக்கப் போகிறாரா என்றே தெரியாது.

பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தது மந்திரம் இல்லை, கணக்கு. நிலநடுக்கத்தில் இரண்டு அலைகள் உண்டு. முதல் அலை வினாடிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும், ஜன்னலைத் தட்டுவதோடு சரி. பின்னால் வருவது ஏறக்குறைய பாதி வேகம், ஆனால் சுவரை இடிப்பது அதுதான். இரண்டுக்கும் நடுவில் எத்தனை வினாடி என்று எண்ணி, எட்டால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் ஆடியது என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். பத்து வினாடி, எண்பது கிலோமீட்டர், இபராக்கி பக்கம். டிவியும் அதையேதான் சொன்னது. இதே கணக்கை வைத்துத்தான் 2007 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறார்கள். முதல் அலையை அருகிலுள்ள கருவி பிடித்ததும், பலமாக ஆடப்போகிற ஊர்களில் போனெல்லாம் ஒரே நேரத்தில் அலறும். கிடைப்பது சில வினாடிகள். மேஜைக்கு அடியில் புகலாம். சித்தியாக இருந்தால் பீரோச் சாவியைத் தேடுவாள். காலுக்கு நேர் கீழேயே ஆடினால், குலுக்கி முடித்த பிறகுதான் போன் அலறும்.

டிவியில் நீங்கள் பார்த்த ஐந்து சொச்சம் வேறு, எங்களுக்கு வந்த மூன்று வேறு. மேக்னிட்யூட் என்பது பூமிக்குள் வெளிப்பட்ட சக்தியின் அளவு. ஒரு நிலநடுக்கத்துக்கு அது ஒன்றுதான். ஷிண்டோ என்று இவர்கள் சொல்வது, நீங்கள் நிற்கும் தரை எவ்வளவு ஆடியது என்பது. அது ஊருக்கு ஊர் மாறும். நாடு முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இதை அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. ஐந்தையும் ஆறையும் மட்டும் கீழ், மேல் என்று பிரித்திருப்பதால் மொத்தம் பத்துப் படி.

மேக்னிட்யூடில் ஒரு படி ஏறினால் சக்தி சுமார் 32 மடங்கு, இரண்டு படி ஏறினால் ஆயிரம் மடங்கு. 2000 டிசம்பர் 12 காலையில் ஈராட்டுபேட்டை பக்கம் ஆடியதே, எஸ்டேட் லயத்து வீட்டு ஆட்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள் என்று தீபாவளிக்குத் தீபாவளி நீங்கள் சொல்வீர்களே, அது 5. இங்கே 2011 மார்ச் 11 அன்று வந்தது 9. உங்களுடையதைப் போலப் பத்து லட்சம் மடங்கு. அதற்காகக் கதையை விட்டுவிடாதீர்கள், அது நல்ல கதை.

உங்கள் கதையில் நான் நம்பாமலே இருந்த ஒரு இடம், முதலில் பாறைக்குள் வெடி போட்டது மாதிரி முழக்கம் கேட்டது என்பீர்களே, அது. அது நிஜம்தான் சித்தப்பா. நம் ஊர்ப் பாறை மிகப் பழையது, இறுகியது. அங்கே ஆட்டம் ஆழமில்லாமல் நடக்கும்; முதல் அலை பாறை வழியே வந்து காற்றைத் தட்டும்போது காதுக்கே கேட்கும். பாறை அதிர்வை விழுங்காமல் கடத்துவதால்தான் அன்றைக்குத் தமிழ்நாட்டு ஆட்களும் திடுக்கிட்டு எழுந்தார்கள். இங்கே நிஷிகசாயில் எங்கள் காலடியில் இருப்பது ஆற்று வண்டல். அது சத்தம் போடாது, நிதானமாக ஆடிக்கொண்டே இருக்கும். இந்த எடோகாவா வட்டாரமே பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே. 2019இல் வட்டார ஆபீஸ் வீடுவீடாகக் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தார்கள். வீட்டு வரியை மட்டும் இங்கேயே இருந்து கட்டச் சொல்கிறார்கள்.

இங்கே ஆடுவதற்குக் காரணம் வெளிப்படை. பசிபிக் தட்டு ஆண்டுக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வீதம் ஜப்பானுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் இடுக்கியில் தட்டுகளின் விளிம்பு எதுவும் இல்லை. இந்தியா முழுவதும் வடக்கே போய் இமயமலையை முட்டுகிற அழுத்தத்தில், பாறைக்குள் இருக்கும் பழைய வெடிப்புகள் எப்போதாவது நெளிகின்றன. 1988 ஜூனில் நெடுங்கண்டத்தில் 4.5 வந்ததும் டீக்கடையில் எல்லாரும் இடுக்கி அணையைக் கைகாட்டினார்களாம். அணைத் தண்ணீர் நிலநடுக்கத்தைத் தூண்டலாம் என்பது உண்மைதான். 1967இல் மகாராஷ்டிரத்துக் கொய்னா அதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர், பாலக்காட்டுப் பக்கம் மேக்னிட்யூட் ஆறை ஒட்டி ஒன்று வந்தபோது இடுக்கி அணையே கிடையாது. 2011இல் இடுக்கியில் நாலைக்கூடத் தொடாத சின்னச் சின்ன ஆட்டங்கள் வந்தன. அதற்கே முல்லைப் பெரியாறு அணையை வைத்து இரு மாநிலத்துக்கும் நடுவில், குமுளியில் பஸ் போகாத அளவுக்குச் சண்டை. நம் பக்கம் பூமி ஆடுவதைவிட எல்லை ஆடுவதுதான் அதிகம்.

ஆதிசேஷன் தலை மாற்றிக்கொள்வதால் பூமி ஆடுகிறது என்பாளே ஆச்சி, இங்கே அந்த வேலையைப் பார்ப்பது ஒரு பிரம்மாண்டமான கெளுத்தி மீன். காஷிமா கோயிலில் ஒரு கல் அதன் தலையை அழுத்திப் பிடித்திருப்பதாக ஐதீகம். 2011இல் கெளுத்தி புரண்டதில் அந்தக் கோயிலின் கல் வாசலே விழுந்துவிட்டது. 2014இல் மரத்தில் கட்டிக்கொண்டார்கள். சாமி கோயிலுக்கே இலேசான பொருள்தான் நல்லது என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள் பாருங்கள்.

இங்கே வீட்டு புரோக்கர்கூட வாஸ்து பேசுவதில்லை. 1981க்கு முந்திய கட்டடமா, பிந்தியதா என்பதுதான் பேச்சு, அந்த வருஷம் கட்டட விதியைக் கடுமையாக்கினார்கள். என் வீட்டு அலமாரிக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு கம்பிகள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன, டிவிக்கு அடியில் பிசின் மாதிரி ஒட்டும் அட்டை. பலமாகக் குலுங்கினால் காஸ் மீட்டர் தானே அடைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டும். பட்டனை அழுத்தி மூன்று நிமிஷம் சும்மா நின்றால் மறுபடி அடுப்பு எரியும்.

அடுத்த பெரிய ஆட்டத்துக்குச் சித்தி தேதி கேட்டிருந்தாள். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. டோக்கியோ பக்கம் 30 ஆண்டுக்குள் பெரிதாக வர 70 சதவீத வாய்ப்பு என்று அரசாங்கக் குழு சொல்வதோடு சரி. 2018இல் பூத்த குறிஞ்சி 2030இல் பூக்கும் என்று ராஜமலையில் ரூம் புக் பண்ணுவது போல இதற்கு நாள் குறிக்க முடியாது. ஒரு காமிக்ஸ் புத்தகத்தை நம்பி 2025 ஜூலை 5இல் பேரழிவு என்று யாரோ கிளப்பிவிட்டதில், ஹாங்காங்கிலிருந்து வரும் விமானங்களைக்கூடக் குறைத்தார்கள். அன்று நான் துணி துவைத்தேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. மேக்னிட்யூட் நாலு ஆட்டத்துக்கு இங்கே காபிகூடச் சிந்தாது. அங்கே வெட்டி நிறுத்திய மண் திட்டுக்குக் கீழே பழைய லயம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோக நிலநடுக்கம்கூடத் தேவைப்படவில்லை, மழையே போதுமாக இருந்தது. சுவர்க் கீறலையும், பின்னால் மேட்டில் புதிதாகத் தண்ணீர் கசிகிறதா என்பதையும் மாதத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். மழை வலுத்தால் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுங்கள்; மாப்பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டார், நான் பேசிவிட்டேன்.

இன்னொன்று. உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே பரணில் இருக்கிற பித்தளை அண்டாவை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அது தன் கல்யாணச் சீர், இத்தனை வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்று சித்தி சண்டைக்கு வருவாள். அப்படியானால் அண்டா அங்கேயே இருக்கட்டும், கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் சித்தியைப் படுக்கச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்