மட்டாஞ்சேரியில் ஒரு செயற்கைச் சமுத்திரம்

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரத்தால் க்ஷேமமாக வாழும் நண்பரொருவர், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்திலடிக்கும் வீட்டுக்குள், பொட்டல உப்பைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஒரு குட்டிச் சமுத்திரத்தைப் பிரதிஷ்டை செய்தார். மீன் வந்து சேருமுன்பே அழையா விருந்தாளியாகப் பழுப்புப் பாசி வந்து, வெண்மணலையும் கண்ணாடியையும் ஆக்கிரமித்துக்கொண்டது. அது சிலிக்காவை உட்கொண்டு தழைக்கும் டயாட்டம். இருப்புத் தீர்ந்தால் பெரும்பாலும் தானே ஒழிந்துபோகும் என்றால், லாப நஷ்டத்தை அன்றன்றே பார்த்துவிடுகிறவருக்குப் பொறுமை ஏது? பழைய டூத்பிரஷும் கையுமாக நின்று அவர் அதனை நிர்மூலமாக்கியபின், புதுமீன்களுக்குத் தாராளமாக இட்ட தீனியின் எச்சத்தில் விளைந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஆகாரமாகக் கொண்டு, பச்சை இழைப்பாசி சடைசடையாகத் தொங்கிற்று. தீனியைக் குறைத்து, விளக்கெரியும் நேரத்தைச் சுருக்கி, ஆர்ஓ நீரில் உப்பைக் கரைத்து மாற்றி, பாசி மேயும் நத்தைகளை விடுவதே இதற்கு வைத்தியம். மீனுக்குப் பத்தியமா என்று வீட்டம்மாள் ஆட்சேபிக்கிறார்.

விசித்திரம் என்னவெனில், தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலின் அடிநீர் மேலெழும்போது டயாட்டம் குலம் பெருகுகிறது; மத்தி டயாட்டத்தைத் தின்கிறதென்று, 1920-களிலேயே சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அம்மத்தியை மிளகாய் தடவிப் பொரித்து இரண்டாந்தரமும் கேட்டு வாங்கியுண்ணும் நண்பர், அதன் மூலதனத்தைத்தான் சுரண்டிச் சாக்கடையில் விட்டார்.