நஷ்டத்தில் மட்டும் பங்காளி

அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து சாலை, பாலம், விமான நிலையம் கட்டுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பதே இன்றைக்கு ஒரு தனித் தொழில். ஐந்து நாள் வகுப்பு, ஏ.சி. அரங்கு, கழுத்தில் அடையாள அட்டை, பதினோரு மணிக்கு பிஸ்கட், கடைசி நாள் குரூப் போட்டோ, சான்றிதழ். மத்திய நிதி அமைச்சகமே 2010இல் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியின் துணையோடு இதற்கென்று ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஒப்பந்தம் போடும் இடத்தில் அரசு அதிகாரிகள் ஏமாந்துவிடக் கூடாதாம். நல்ல எண்ணம்தான். ஏமாறுவது அதிகாரிகள் என்று யார் சொன்னார்கள் என்பதுதான் தெரியவில்லை.

முதல் நாள் பாடம், ரிஸ்க். எந்த ரிஸ்க்கை யார் நன்றாகத் தாங்குவாரோ அவர் தலையில் அதை வைக்க வேண்டும். திரையில் அழகான கட்டம் வரும். நிலம் எடுத்துக் கொடுப்பது அரசு, கட்டுவது கான்ட்ராக்டர், வண்டி வருமா வராதா என்ற கவலை கம்பெனிக்கு, கடன் வங்கிக்கு. கட்டத்தில் எல்லோருக்கும் ஒரு இடம் உண்டு. நிலத்தைக் கொடுத்துவிட்டு நடுத்தெருவுக்கு வருகிறவனுக்கும், சுங்கச்சாவடியில் காசு கட்டுகிறவனுக்கும் மட்டும் அதில் இடமில்லை.

இரண்டாம் நாள், எஸ்.பி.வி. திட்டத்துக்கென்றே ஒரு கம்பெனியைப் பெற்றெடுத்து, கடனை அதன் பெயரில் எழுதிவிட வேண்டும். பிள்ளை திவாலானால் வங்கி தாய்க் கம்பெனியின் கதவைத் தட்ட முடியாது. லாபம் வந்தால் மட்டும் தாய் வந்து வாங்கிக்கொண்டு போவாள். உலகத்தில் இப்படி ஒரு தாய்ப்பாசம் பைனான்ஸ் துறையில்தான் உண்டு.

மூன்றாம் நாள் பாடம்தான் அமிர்தம். தேசிய நெடுஞ்சாலைக்கான மாதிரி சுங்க ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. சாலை வசூலுக்கு வந்தபின் கம்பெனியே தவறு செய்து ஒப்பந்தம் முறிந்தாலும், பாக்கிக் கடனில் 90 சதவீதத்தை, காப்பீட்டில் வந்ததைக் கழித்துக்கொண்டு, அரசு தரப்பு கொடுத்துவிடும். தவறியது கம்பெனி, கட்டுவது நாம். இந்த இடத்தில் வகுப்பில் யாராவது கை தூக்குவார்களா என்று பார்த்தால், எல்லோரும் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதே பாடத்தைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடத்திப் பாருங்கள், சிரிப்பார்கள். நெசவாளிக்கு ஒப்பந்தம் என்றால் அட்வான்ஸ். முதலாளி கொடுத்த பாவையும் ஜரிகையையும் தறியில் ஏற்றி, வீட்டுக்காரியும் பிள்ளையும் கூட உட்கார்ந்து நாள்கணக்கில் மிதித்து முடித்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கே அதை விரித்து வைத்துக்கொண்டு உடலும் கரையும் கோர்வை சேருகிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். இழை ஒன்று தளர்ந்திருந்தால் கூலியில் பிடித்தம். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு விரிக்க முடியாது. அந்த நாளுக்குக் கூலி கிடையாது. கம்பெனிக்கு மழை பெய்தால் ஒப்பந்தத்தில் ‘தெய்வச் செயல்’ என்று ஒரு ஷரத்து இருக்கிறது. பட்டு நெய்கிறவனுக்கு, இத்தனை கோயில் இருக்கிற ஊரில், தெய்வம்கூட அந்தக் கையெழுத்தைப் போட்டுத் தரவில்லை. அட்வான்ஸை அடைக்காமல் வேறு முதலாளியிடம் நகரவும் முடியாது. அவன் கடனில் 90 சதவீதத்தை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. வங்கி வந்து தட்டினால் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ரிஸ்க்கைத் தாங்கத் தெரிந்தவன் தலையில் வைக்க வேண்டும் என்ற பாடம் இந்த ஊரில் சரியாகத்தான் நடக்கிறது. ஏழைக்குத் தாங்கிப் பழக்கம்.

ஊரை விட்டு பெங்களூர் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். ஆறு வழியாக்குகிறோம் என்று ஆண்டுக்கணக்கில் கிளறிப்போட்ட சாலையில் சுங்கம் மட்டும் ஒரு நாளும் பழுதாகவில்லை. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையிலுள்ள இரண்டு சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டும் வாங்கு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. பள்ளத்துக்கு முழுக் காசு வாங்கக் கூடாது என்பதை நீதிபதிகள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த பரனூர் சாவடி விதிக்கு மேல் வசூலித்ததைக் கணக்குத் தணிக்கையரின் 2023 அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. எத்தனை பயிற்சி, எத்தனை சான்றிதழ்! கூட்டல் மட்டும் எல்லோருக்கும் வந்திருக்கிறது.

இந்த வித்தைக்கு நாட்டில் பெரிய வாத்தியார் ஒருவர் இருந்தார். ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். 1998இல் நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவோடு கைகோத்துத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டுக் கம்பெனியை உண்டாக்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கம் வசூலிக்கக் கற்றுக்கொடுத்த நிறுவனம். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொன்ன அந்த வாத்தியார் 2018இல் 300க்கும் மேற்பட்ட பிள்ளைக் கம்பெனிகளோடும் சுமார் 91,000 கோடி ரூபாய்க் கடனோடும் மல்லாந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை தரச்சான்று நிறுவனங்கள் அவருக்கு முதல் மார்க் போட்டிருந்தன. அக்டோபரில் மத்திய அரசு போய் இயக்குநர் குழுவையே கலைத்துப் புதுக் குழுவை உட்கார வைத்தது. சிக்கிய பணத்தில் தொழிலாளர்களின் பி.எஃப். சேமிப்பும் இருந்தது. வாத்தியார் ஃபெயில். பாடத்திட்டம் மட்டும் அப்படியே தொடர்கிறது.

இப்போது அந்தப் பாடத்திட்டம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள பரந்தூருக்கு வந்திருக்கிறது.

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தபோது சொன்ன செலவு 20,000 கோடி. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், 13 கிராமங்கள், நஞ்சை, ஏரி, ஏரிகளை நிரப்பும் கம்பன் கால்வாய். முன்னின்று நடத்துவது அதே டிட்கோ. கட்டுவது தனியார் கூட்டில். முழுதாக முடியும்போது ஆண்டுக்குப் பத்து கோடிப் பயணிகள் வருவார்களாம். இப்போதிருக்கிற மீனம்பாக்கத்துக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு கோடிச் சொச்சம். மீதிப் பேர் எக்செல்லில் வந்து இறங்குவார்கள். ஒரு கட்டத்தில் வளர்ச்சி விகிதத்தைத் தட்டி, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் முப்பது வருஷப் பயணிகள் வரிசையில் நிற்பார்கள். அந்த 13 ஊரில் ஒன்றான ஏகனாபுரத்தானின் கரும்பும் நெல்லும் அப்படி இழுத்தால் விளைவதில்லை.

சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு தப்பினால் யார் கட்டுவது என்றுதான் கேட்கிறேன். இலங்கையில் மத்தள விமான நிலையத்தை 2013இல் சீனக் கடனில் திறந்தார்கள். அதற்கும் ஒருவர் பயணிகள் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார். விமானம் வராமல், கடைசியில் அதன் சரக்குக் கிடங்கில் நெல் மூட்டை அடுக்கினார்கள். பரந்தூரில் அதற்கும் வழியில்லை, நெல் விளைகிற நிலத்தைத்தான் முதலில் எடுக்கிறோமே.

ஏகனாபுரத்துக்காரர்கள் அறிவிப்புக்கு முன்பே, 2022 ஜூலையிலிருந்து இரவுகளில் கூடி உட்கார்ந்து வேண்டாம் என்கிறார்கள். கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். பயிற்சிக் கையேட்டில் இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு: ‘சமூக ரிஸ்க்’. அவனுக்கு வீடு போகிறது, அது ரிஸ்க் இல்லை. வீடு போகிறதே என்று அவன் கத்துவது திட்டத்துக்கு ரிஸ்க். அதைக் குறைக்க என்ன வழி என்று நாலாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வகுப்பு.

கணக்கு வழக்கு தெரியாத பட்டிக்காட்டான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டுடையது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொன்னைக் கூரத்துச் சபையும் அரியபெரும்பாக்கத்துச் சபையும் வாங்கிக்கொண்டு வட்டியாக நெல் அளந்திருக்கின்றன. கோயிலை நிர்வகிக்கும் பொறுப்பு காஞ்சியின் நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கை ஆண்டுதோறும் நகரத்தார் கூடிப் பார்க்க வேண்டும். சோழர் காலம் பொற்காலம் என்று மீசை முறுக்குவது என் வேலை இல்லை, அவர்களும் வரி உருவியவர்கள்தான். ஆனால் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் பொறுப்பு, யார் தணிக்கை என்று நாலு பேர் படிக்கிற பாஷையில், அழியாத செம்பில் வெட்டி வைத்தார்கள். இன்றைய ஒப்பந்தம் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கத்தில், ஒரு அலமாரியில் இருக்கும். கேட்டால் ‘வணிக ரகசியம்’ என்பார்கள். நம் நிலம், நம் வரி, நம் சுங்கம், இதில் நமக்குத் தெரியக் கூடாத ரகசியம்!

டிட்கோவுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் ஒன்று சொல்கிறேன். பரந்தூருக்கு எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாலும், கையெழுத்துக்கு முன்பே அதைத் தமிழில் அச்சிட்டு, 13 ஊர் கிராம சபையிலும் வரி விடாமல் வாசியுங்கள். பயணிகள் கணக்கைப் போட்டுக் கொடுத்த ஆலோசகரை நேரில் கூட்டி வந்து உட்கார வையுங்கள். பத்து கோடிப் பேர் வராவிட்டால் அந்தப் பணத்தை யார் கட்டுவார் என்கிற பக்கத்தை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள்.