கை எண்ணட்டும்

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் பாதிப் பிள்ளைகள் எண்ணப் பழகியது அவளிடம்தான். அதற்கு அவள் வைத்திருந்ததெல்லாம் ஒரு பல்லாங்குழிப் பலகையும் ஒரு டப்பா புளியங்கொட்டையும்.

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி; குழிக்கு ஐந்து கொட்டை. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். இரண்டாக விழுந்தால் எதிரே இருப்பவள் விடமாட்டாள். நம் குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் இன்னொரு கொட்டை விழுந்து ஐந்தாகிவிடும், பசு போய்விடும். அதனாலேயே நாலை எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளப் பழகினோம். கையிலிருந்த கொட்டை தீர்ந்து அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கும் அடுத்ததை அள்ள வேண்டும். பூஜ்யத்தை நான் முதலில் தொட்டது அந்த வெறுங்குழியில்தான். சிலேட்டில் வட்டம் போட்டதெல்லாம் பிறகு.

இன்று என் பேத்திக்கு நாலு வயது. கைபேசிப் பாட்டோடு சேர்ந்து நூறு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள். "அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வா கண்ணு" என்றேன். கை கொண்ட மட்டும் அள்ளி வந்தாள். குழந்தையிடம் குறையில்லை. திரையில் ஆப்பிள்கள் தாமாக வந்து வரிசையில் நிற்கின்றன, எண்ணுவதும் திரைதான். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது, பொருளைத் தொட்டு நகர்த்தி நகர்த்தித்தான் பிள்ளைக்குப் பிடிபடும்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் செயல்பாடுகளுக்கு இடம் கொடுத்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு கட்டு. கட்டு இரண்டு, உதிரி மூன்று: இருபத்து மூன்று. அதை 203 என்று எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

வீட்டில் குச்சிகூட வேண்டாம். பூண்டு உரிக்கும்போது பத்துப் பல் எண்ணிப் போடச் சொல்லலாம். (மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் கொட்டை, பட்டாணி எதையும் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும், எலுமிச்சம்பழமும் டம்ளரும் போதும்.) ராத்திரிச் சாப்பாட்டுக்கு இப்போது தலைக்கொரு தட்டு வைப்பது என் பேத்தியின் வேலை. நேற்று ஆறு தட்டு வைத்தவள், தாத்தா ஊருக்குப் போயிருப்பது நினைவுக்கு வந்து, ஒன்றைத் தானே திருப்பி எடுத்துப் போனாள். கழித்தலை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.