கணியூரில் காரணமின்றித் திரிதல்: ஒரு முன்னாய்வு

காரணமின்றித் திரிதல் என்பது, உறவோ வேலையோ இல்லாத ஓர் ஊரில் தனியாள் ஒருவர் பேருந்தை விட்டு இறங்கி, ஒரு பகற்பொழுதைக் கால்போன போக்கில் நடந்து கழிக்கும் செயல். கோயிலுக்குப் போதல், ஜவுளி எடுத்தல், கேதத்துக்குப் போதல் ஆகியவை இதில் அடங்கா. ஆய்வுக் களமான கணியூர், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதிப் பாசனத்தில் அமைந்த பேரூராட்சி. கோவை மாவட்டத்தில் சுங்கச்சாவடியால் பெயர்பெற்ற இன்னொரு கணியூர் உண்டு. அங்கே இறங்குபவரைவிடக் கடப்பவரே அதிகம் என்பதால் அது இந்த ஆய்வுக்கு உதவாது.

ஐரோப்பியப் பழம்பெரும் நகரங்களில் இத்துறை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒருமுறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியாது என்று 1736இல் லியோனார்டு ஆய்லர் நிறுவினார். வேலையற்ற உலாவிலிருந்து ஒரு கணிதத் துறையே பிறந்தது. 1802இல் கார்ல் காட்லோப் ஷெல்லே உலாவும் கலைக்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். பாரிஸில் 1950களில் கி டெபோர் திரிதலுக்குக் கோட்பாடு வகுத்தார். அதன் சராசரி நீளம் ஒரு நாள், அதாவது ஒரு தூக்கத்துக்கும் மறு தூக்கத்துக்கும் இடைப்பட்ட நேரம் என்பது அவர் கணக்கு. மூவரிடமும் ஒரே குறை. திரிபவரை நிறுத்தி, எங்கே போகிறீர் என்று கேட்கும் ஆளுக்கு அவர்கள் எழுத்தில் இடமே இல்லை. கணியூரில் அந்த ஆளைத் தவிர்த்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கவே முடியாது.

பழமையில் கணியூர்ப் பகுதி எந்த ஐரோப்பிய நகருக்கும் இளைத்ததல்ல. கொங்கு இருபத்துநான்கு நாடுகளில் ஒன்றான கரைவழி நாடு அமராவதிக் கரையில்தான் இருந்தது. பக்கத்துக் கடத்தூரின் அர்ச்சுனேசுவரர் கோயிலில் கல்வெட்டுகள் உள்ளன. வடக்கே காங்கயம் பக்கத்துப் படியூரின் பெரில் கல் ரோமாபுரி வரை போயிற்று. ரோமானியக் காசுப் புதையல்கள் கொங்கு நாட்டில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. அதாவது, ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவை அன்றைக்கே ஒரு காரணத்தோடுதான் வந்தன. 1970களின் இறுதியில் வெள்ளை டி-சட்டை தேடித் திருப்பூருக்கு வந்த இத்தாலியரும் இந்த மரபை மீறவில்லை.

இனி திரிதலின் இயக்கம். பேருந்தை விட்டு இறங்கியவர் முதல் டீக்கடையைத் தாண்டுவதற்குள் “ஏனுங்க, ஆரூட்டுக்கு வந்திருக்கீங்க?” என்ற வினா எழும். இதில் வம்பு ஏதும் இல்லை. வழி தெரியாமல் தவிக்கிறாரோ என்ற அக்கறையே முதன்மை. “சும்மாதானுங்க, ஊரைப் பாக்கலாம்னு வந்தேன்” என்பது உண்மை. ஆனால் அது பதிலாக ஏற்கப்படுவதில்லை. கேட்டவர் ஒருகணம் மேலும் கீழும் பார்ப்பார், டீயை ஒரு வாய் உறிஞ்சுவார், பிறகு வந்தவருக்குப் பொருத்தமான காரணத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வார்.

அப்படி வழங்கப்படும் காரணங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கையில் நோட்டுப் புத்தகம் இருந்தால் சர்வே எடுக்க வந்தவர். தோளில் தோல்பையும் முகத்தில் கடுமையும் இருந்தால் பைனான்ஸ் வசூல். வெள்ளை வேட்டியில் ஐம்பது வயதுக்காரர் என்றால், மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெண் வீட்டை விசாரிக்க வந்தவர். இவருக்கு மட்டும் டீ இலவசம். ஞாயிற்றுக்கிழமை ஜீன்ஸ் போட்டு வந்தவர் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவராகவே கருதப்படுவார். கம்பெனி லீவு நாளானதால் பையன்களும் பெண்களும் அன்றுதான் ஊரில் இருப்பார்கள். “பேட்லாக் மெஷினுக்கு ஷிப்ட் எவ்வளவுங்க, வேன் இங்க வரைக்கும் வருமுங்களா?” என்று கேட்பவரிடம், தாம் வெறும் பயணி என்று விளக்குவது வீண்வேலை. சம்பளம் குறைவு என்பதை மறைக்கிறார் என்றே அது புரிந்துகொள்ளப்படும்.

ஆய்லர் பாணியில் இங்கே ஒரு தேற்றம் கிடைக்கிறது: கணியூரில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வாய்க்கால் வரை ஒரே காரணத்தோடு போய்ச்சேர முடியாது. நிறுவுதல் எளிது. திரிபவர் நடந்து போகிறார். முதல் டீக்கடையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட காரணமோ டிவிஎஸ் எக்ஸெல்லில் போகிறது. இரண்டாம் கடைக்கு அவர் வரும்போது அந்தக் காரணம் ஏற்கெனவே வந்து, விவாதிக்கப்பட்டு, திருத்தப்பட்டிருக்கும்.

ஆய்வின் உச்சம் வாய்க்கால் கரை. அமராவதியின் பழைய ஆயக்கட்டில் கணியூருக்கென்றே ஒரு வாய்க்கால் உண்டு. கரையோரம் நெல்லும் கரும்பும் தென்னையும். நிழலுக்காக ஒதுங்கியவர் ஒரு தென்னந்தோப்பைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் போதும், மம்பட்டியைத் தோளில் போட்டபடி ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். சிறிது மௌனம். பிறகு, கேட்காமலே, “ரண்டே முக்கால் ஏக்கருங்க. தண்ணிப் பாத்தியம் இருக்குது. அண்ணன் தம்பிக்குள்ள ஒரு சின்ன வில்லங்கம், பேசித் தீத்துக்கலாமுங்க” என்பார். அடுத்த கால்மணியில் நான்கெல்லையும், கிணற்றின் ஆழமும், அந்தச் சின்ன வில்லங்கம் எத்தனை வருடமாகக் கோர்ட்டில் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இளநீர் வெட்டித் தரப்படும். கோயில் கல்வெட்டுகளும் பெரும்பாலும் நிலம் யாருடையது, எல்லை எது, நீர் எவ்வழி என்பதையே பேசுகின்றன என்பதால், திரிபவர் வரலாற்றுச் சின்னத்தைக் காணத் தவறினார் என்று சொல்லிவிட முடியாது. காசு கொடுத்து வழிகாட்டி வைத்துக்கொள்ளும் ஐரோப்பியப் பயணிக்குக்கூட இவ்வளவு விவரம் கிடைப்பது சந்தேகம்.

டெபோர் தனியாகத் திரிவதைவிட இரண்டு மூன்று பேராகத் திரிவதையே பரிந்துரைத்தார். கணியூரில் இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. பிற்பகலுக்குள் தோப்புக்காரர், அவர் பங்காளி, கமிஷனுக்காகச் சேர்ந்துகொண்ட ஒருவர் என மூவர் உடன் வருவர். எந்தத் தெருவில் திரும்புவது என்பதையும் அவர்களே தீர்மானிப்பர்.

இச்சோதனையின் முக்கியக் குறை, அதைத் திரும்பச் செய்து பார்க்க இயலாது என்பது. மறுமுறை கணியூரில் இறங்குபவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர் இப்போது ‘தோப்புப் பாத்துட்டுப் போனவரு’. “என்னங்க, வெலை ஒத்து வருதுங்களா?” என்பதோடு பேச்சு தொடங்கும். ஆகவே ஆய்வைத் தொடர விரும்புபவர் அடுத்த ஊரான காரத்தொழுவில்தான் இறங்க வேண்டும். அங்கே தோப்புக்காரரின் மச்சான் இருக்கிறார்.