டிராய் சமூகத்துக்கு, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்:
கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் தேவைக்கு மேல் சிம் கார்டும் வைத்திருக்கும் ஒரு குடும்பம்,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.
(கதவு எண், பின்கோடு எழுதவில்லை. எங்களைக் கூப்பிடுகிற எல்லோரிடமும் அது இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளவும்.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

பொருள்: தங்கள் பெயரில் எங்கள் வீட்டுக்கு வரும் அழைப்புகள் – நன்றி தெரிவித்தல் – சில சந்தேகங்கள் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: அம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது வந்த பதிவுசெய்த குரல்.

ஐயா,

மதுரையிலிருந்து எங்கள் தேனியைத் தனி மாவட்டமாகப் பிரித்தது 1996-ல். தங்கள் ஆணையம் பிறந்தது 1997-ல். கிட்டத்தட்ட ஒரே வயசுக்காரர்கள். இத்தனை வருஷத்தில் ஒருத்தரையொருத்தர் நலம் விசாரித்ததில்லையே என்று எங்களுக்கு ஒரு குறை இருந்தது. இப்போது தங்கள் பக்கத்திலிருந்தே போன் வர ஆரம்பித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

எடுத்தது அம்மா. பேசியது பெண் குரல். "டிராயிலிருந்து பேசுகிறோம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரம் அறிய ஒன்பதை அழுத்தவும்." அம்மாவுக்குக் கையெல்லாம் மாவு. "இரும்மா, கையக் கழுவிட்டு வாரேன்" என்று போனை அம்மி மேல் வைத்துவிட்டுப் போனார். வந்து பார்த்தால் குரலைக் காணோம். ரெண்டு மணி நேரம் கெடு கொடுத்த பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையா என்று அம்மாவுக்கு இன்னும் ஆற்றாமை.

அடுத்த வீட்டு மதினி ஒன்பதை அழுத்திவிட்டார். மும்பை போலீஸ் வந்தது. மதினியின் ஆதாரை வைத்து யாரோ சிம் வாங்கி அசிங்கமான மெசேஜ் அனுப்புகிறார்களாம், எப்.ஐ.ஆர். போட்டாயிற்றாம். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, சுவரில் சின்னம். மதினி முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு இந்தி வராதுய்யா. எம் பேரன் சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்துருவான், அவன் வந்ததும் அரெஸ்ட் பண்ணிக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது மட்டும் நல்ல தமிழில் இருந்தது என்கிறார் மதினி.

இதெல்லாம் தாங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். இணைப்பைத் துண்டிக்கப்போவதாக டிராய் யாருக்கும் போன் செய்வதுமில்லை, மெசேஜ் அனுப்புவதுமில்லை என்று தாங்கள் அறிக்கை விட்டிருக்கிறீர்கள். அறிக்கை தில்லியில் வெளியானது. போன் எங்கள் அடுப்படிக்கே வந்தது. சிக்கல் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருடன் பேசுவது அப்படியே சர்க்கார் மாதிரி இருக்கிறது. சர்க்கார் எங்களுக்கு எப்படிப் பேசிப் பழக்கியதோ அதைத்தான் அவன் பாடம் பண்ணி வைத்திருக்கிறான். 2017-ல், சிம்மோடு ஆதாரை இணைக்காவிட்டால் இணைப்பு போய்விடும் என்று நாள் தவறாமல் மெசேஜ் வந்தது. கெடு 2018 பிப்ரவரி 6. அது மோசடி இல்லை, தொலைத்தொடர்புத் துறையின் நிஜமான உத்தரவு. அம்மா கடை வாசலில் வரிசையில் நின்று விரல் ரேகை வைத்தார். காட்டு வேலையில் ரேகை தேய்ந்த விரல் என்பதால் மெஷின் ஒத்துக்கொள்ளாமல் மறுநாளும் போனார். அப்படிக் கட்டாயப்படுத்தியது செல்லாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல மட்டும் ஒரு மெசேஜும் வரவில்லை.

அது வேறு துறை, நாங்கள் வேறு ஆணையம் என்பீர்கள். இங்கிருந்து கேட்டால் தில்லி முழுவதும் ஒரே குரல்தான், ஐயா. ஏதோ ஒன்று நின்றுபோகும், ஏதோ ஒன்றை அழுத்தவேண்டும், இன்றே கடைசி நாள். கிசான் தவணை 2,000 ரூபாய் வேண்டுமென்றால் கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்பது நிஜம். "கிசான் பணம் நின்னுபோச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்பது பொய். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் வேலையைத் தாங்கள் எங்கள் அம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். சம்பளம் பற்றிப் பேச்சில்லை.

தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று புத்தி சொல்கிறார்கள். சொல்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் என்பது கேட்டதும் தெரிந்துவிடும். எங்கள் பிழைப்பே தெரியாத எண்ணில் இருக்கிறது. பன்னீர் திராட்சை பழுத்துவிட்டால் பந்தலில் காத்துக்கொண்டிருக்காது. தரகர் வந்து பார்த்து, விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். வெட்டு அன்றைக்கு விடியுமுன் ஒரு போன் வரும். லாரி டிரைவர். அவர் எண்ணை இதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. "அண்ணே, சுருளிப்பட்டி தாண்டிட்டேன், அங்கிட்டா இங்கிட்டா?" என்பார். அதை எடுக்காவிட்டால் வண்டி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். மழை தட்டினால் பழம் வெடித்துக் குலையோடு போகும்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற பெண்களுக்கும் இதே கதைதான். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர் ஒரு நாள் தமிழ்நாட்டு நம்பரில் கூப்பிடுவார், இன்னொரு நாள் கேரளா நம்பரில். குமுளிச் சாலையில் ஏறினால் எங்கள் போனே எந்த மாநிலம் என்று குழம்பி, மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிடுகிறது. இதில் எந்த எண் அந்நியம், எந்த எண் சொந்தம்? பர்சனல் லோன் தரத் துடிக்கும் அந்தத் தங்கை கூப்பிடுவதும், ஜீப்காரர் கூப்பிடுவதும் ஒரே மாதிரி பத்து இலக்கத்தில்தான் வருகின்றன. விளம்பரக்காரர்களுக்கு 140, வங்கிகளுக்கு 1600 என்று தாங்கள் தனி வரிசை கொடுத்திருக்கிறீர்கள். அழகான ஏற்பாடு. வேண்டாதவன் 140 என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு வருவான் என்ற தங்கள் நம்பிக்கையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தாங்கள் சும்மா இருந்தீர்கள் என்று சொல்லவரவில்லை. 2007-ல் கூப்பிட வேண்டாதோர் பட்டியல் ஆரம்பித்தீர்கள். 2010-ல் புது விதி. 2018-ல் அதற்குமேல் புது விதி, பிளாக்செயின் என்ற சங்கிலியோடு. 2025 பிப்ரவரியில் அதற்கும் திருத்தம். நடுவில் 2011 செப்டம்பரில், ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 மெசேஜுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று கட்டிப்போட்டு, கொஞ்ச நாளில் 200 என்று தளர்த்தினீர்கள். லோன்காரர் அசரவில்லை. அப்போது காதலித்துக்கொண்டிருந்த என் மச்சினன்தான் நொந்துபோனான்.

1909-க்கு எழுதிப் பதிவு செய்தால் போதும் என்கிறீர்கள். செய்யலாம். அதில் என்ன வேண்டும் என்று நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. கடன், கார்டு, காப்பீடு ஒரு வகை, வீட்டுமனை ஒரு வகை, படிப்பு, மருத்துவம், சுற்றுலா என்று தனித்தனி. எந்தக் கிழமையில், எந்த நேரத்துக்குள் தொல்லை செய்யலாம் என்றுகூட நாமே குறித்துக் கொடுக்கலாமாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "செவ்வாய்க்கிழமை மத்தியானம் மட்டும் வரச்சொல்லு, அப்ப நான் தூங்கிருவேன்" என்றார்.

புகார் செய்ய முன்பு மூன்று நாள் கெடு, இப்போது ஏழு நாள். முன்பு ஏழு நாளுக்குள் பத்துப் புகார் வந்தால் அந்த எண் மேல் நடவடிக்கை, இப்போது பத்து நாளுக்குள் ஐந்து போதும். நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் புகாரில் அழைத்த எண், தேதி, பேசிய விஷயம் எல்லாம் முறையாக இருக்க வேண்டும். கூப்பிட்டவனுக்கு அடுத்த சிம்முக்கு மாற எந்தப் படிவமும் கிடையாது. அந்த ஐந்து புகாரும் சேருவதற்குள், அந்த எண் சுருளி அருவித் தண்ணீர் மாதிரி எங்கோ போயிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், தங்கள் கணக்கில் வராவிட்டாலும். 2025-ல் சில மாதம், யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்குமுன் ஒரு குரல் இணைய மோசடி பற்றி எச்சரித்தது. உள்துறையின் ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான். ஆனால் எங்கள் பெரியம்மா யாருக்குப் போட்டாலும் வேறு யாரோ பேசுகிறார்களே, தப்பாகப் போட்டுவிட்டோம் என்று பயந்து பயந்து வைத்துவிட்டார். அந்த மாதங்களில் மோசடிக்காரன் பெரியம்மாவைப் பிடித்தான், சொந்தக்காரர்களால் பிடிக்க முடியவில்லை. 2024 ஒரே வருஷத்தில் நாட்டில் இணைய மோசடியில் போன பணம் 22,845 கோடி ரூபாய் என்று அதே உள்துறை நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பயிரும் இப்படி ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு விளைந்ததில்லை.

இப்போது கூப்பிடுகிறவர்களின் தமிழைப் பற்றி. முன்பெல்லாம் இந்தியில் ஆரம்பிப்பார்கள், அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டதும் தடுமாறி வைத்துவிடுவார்கள். இப்போது "சாப்பிட்டேன்மா" என்கிறார்கள். அந்தத் தமிழ் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைபட்டு, அடிவாங்கிக்கொண்டு இந்த மோசடியைச் செய்யவைக்கப்பட்ட நம் பையன்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் அங்கிருந்து மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை மீட்டு வந்தார்கள். ஆகவே அம்மா திட்டும்போது ஏச்சைப் பாதியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். எதிரே இருப்பது மிரட்டுகிறவனா, மிரட்டப்படுகிறவனா என்று போனில் தெரிவதில்லை. சிக்னல் பட்டை காட்டும் இந்தப் பெட்டியில் அதைக் காட்ட ஒரு பொத்தான் வைக்க முடியுமா என்று தங்கள் நிபுணர்களைக் கேட்டுச் சொல்லவும்.

எங்கள் பணிவான வேண்டுகோள்கள் சிலவற்றைச் சமர்ப்பிக்கிறேன். தங்கள் ஆணையத்துக்கு ஆள் பற்றாக்குறை என்றால், தங்கள் பெயரில் ஏற்கெனவே வேலை செய்பவர்களை முறைப்படி எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்கள், பட்டிதொட்டி வரை எட்டுகிறார்கள், நுகர்வோரின் பெயர், தகப்பன் பெயர், வங்கிக் கிளை எல்லாம் மனப்பாடம். இவ்வளவு சேவை மனப்பான்மை வேறு எங்கே கிடைக்கும்? அது முடியாதென்றால், அந்த விவரங்கள் எந்தப் பதிவேட்டிலிருந்து ஒழுகுகின்றன என்று விசாரித்து, ஒழுகவிட்டவர்களுக்கு ஒரு போன் போடவும். இரண்டு மணி நேரத்தில் அவர்கள் இணைப்பு துண்டிக்கப்படும் என்று சொல்லவும். ஒருமுறையாவது அந்த வாக்கியம் நிஜமாகட்டும்.

பொருள் விற்கிற நிறுவனத்துக்கும் கூப்பிடுகிற கூலிப் பிள்ளைக்கும் இடையில் இருக்கிற ஏஜென்ட், ஏஜென்டுக்கு ஏஜென்ட் எல்லோரையும் விட்டுவிட்டு, கடைசியில் இருக்கிற சிம் கார்டை மட்டும் தண்டிப்பது வேண்டாம். யாருக்காக அந்தக் கடன் விற்கப்பட்டதோ, அபராதத்தை அவர்கள் கணக்கில் பிடிக்கவும். கணக்கு எண் தேவைப்பட்டால் எங்களைக் கேட்கவும். அவர்கள் எங்களுடையதை வைத்திருப்பதால், நாங்களும் அவர்களுடையதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். தமிழில் இருக்கட்டும். முத்திரை சிறியதாகவே இருக்கட்டும். மும்பை போலீஸ் மதினிக்கு வாட்ஸ்அப்பில் காட்டியதில் மூன்று பெரிய முத்திரை இருந்ததால், பெரிதாக இருந்தால் இந்தத் தெருவில் யாரும் பிரிக்க மாட்டார்கள். போன் வேண்டாம். வெட்டு நடக்கிற நாளில் லாரிக்காரர் லைன் கிடைக்காமல் அவஸ்தைப்படுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சந்தாதாரர்
(இன்கமிங் மட்டும்)